ரோம் ஆப்பியா சாலை: எலக்ட்ரிக் சைக்கிளில் கைடோடு போய் வந்த அனுபவம் (கேள்விகள் இருந்தால் கேளுங்கள்)

பறளியாற்றுக்காரி:

வணக்கம். போன மாதம் அப்பாவை ரோமுக்குக் கூட்டிப் போயிருந்தேன். அப்பாவுக்கு 67 வயது. பாசனப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கொலோசியத்தையும், பழைய ரோமின் பொதுச்சதுக்கமான ஃபோரத்தையும் முதல் இரண்டு நாளில் பார்த்தோம். வெயில், வரிசை, நெரிசல். அப்பா பாதி நேரம் நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள் ஊருக்குத் தெற்கே ஆப்பியா என்ற பழைய ரோமானிய நெடுஞ்சாலைக்கு எலக்ட்ரிக் சைக்கிளில் கைடோடு போனோம். ரோம் என்றாலே அப்பா இப்போது அந்த அரைநாளைப் பற்றித்தான் பேசுகிறார். போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

மொத்தம் எட்டுப் பேர். கைடு தொல்லியல் படித்த பெண். சர்க்கஸ் மேக்சிமஸ் என்ற பழைய தேர்ப்பந்தய மைதானத்துக்குப் பக்கத்தில் சைக்கிளைக் கொடுத்து, சீட் உயரத்தைச் சரிசெய்து, பத்து நிமிடம் ஓட்டிப் பழகச் சொன்னார். இதில் ஆக்சிலேட்டர் கிடையாது. மிதித்தால் மோட்டார் கூடவே உதவும், மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். அப்பா சைக்கிளைத் தொட்டு இருபது வருடம் ஆகியிருக்கும். முதல் மிதியிலேயே வண்டி முன்னால் இழுத்ததும் மிரண்டுவிட்டார். "யாரோ பின்னால இருந்து தள்ளிவிடுற மாதிரி இருக்கு" என்றார். கைடு உதவியைக் குறைத்து வைத்துக் கொடுத்ததும் பழகிவிட்டது.

கரகல்லா குளியல் மண்டபத்தைத் தாண்டினால் சான் செபாஸ்தியானோ வாசல். 3-ஆம் நூற்றாண்டில் பேரரசர் அவுரேலியன் கட்டிய மதிலின் வாசல் அது. அதற்கு வெளியேதான் முதல் மைல்கல் தூணின் நகல் நிற்கிறது. அசலைக் கேபிடோலைன் குன்றில் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் கவனமாகப் போக வேண்டும்: இரண்டு பக்கமும் உயரமான சுவர், நடைபாதை இல்லை, கார்கள் உரசிக்கொண்டு போகின்றன. கைடு எங்களைச் சீக்கிரமே சான் கல்லிஸ்டோ நிலவறைக் கல்லறை வளாகத்துக்குள் திருப்பிவிட்டார். உள்ளே சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே அமைதியான பாதை.

அதைத் தாண்டிப் பேரரசர் மேக்சென்டியஸின் தேர்ப்பந்தய மைதானம். சுமார் 500 மீட்டர் நீளம், இப்போது புல்வெளி. பார்வையாளர் இருக்கைகளைத் தாங்கிய வளைவுகள் உடைந்து கிடக்கின்றன. உடைந்த இடத்தில் உற்றுப் பார்த்தால் காரைக்குள் வட்டவட்டமாக மண்ஜாடிகள் தெரிகின்றன. கட்டும்போதே வைத்துப் பூசியிருக்கிறார்கள், பாரத்தைக் குறைப்பதற்கு. அப்பா ஒரு ஜாடியின் கழுத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். அவரை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது.

அப்புறம் செசிலியா மெட்டெல்லா என்ற ரோமானியச் சீமாட்டியின் கல்லறை. சுமார் 30 மீட்டர் விட்டமுள்ள உருளை, கி.மு. முதல் நூற்றாண்டு. அதைக் கடந்ததும்தான் பழைய சாலை கண்ணில் படுகிறது. கரிய எரிமலைப் பாறையில் செதுக்கிய பெரிய பெரிய கற்கள், ஒவ்வொன்றும் ஆமை ஓடு மாதிரி மேலே வளைந்திருக்கும். அகலம் 4 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு பக்கமும் கல்லறைகள், குடை விரித்த பைன் மரங்கள். கல்லறைகளில் பல, தூரத்திலிருந்து பார்க்க வெறும் கல்மேடு போல இருக்கும். மேலே பதித்திருந்த பளிங்கைப் பின்னால் வந்தவர்கள் உரித்துக்கொண்டு போய்விட்டார்கள், நிறையச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிருக்கிறது. ஊர் எல்லைக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது ரோமானியச் சட்டம். அதனால் சாலையோரமே சுடுகாடாகிவிட்டது.

ஓரிடத்தில் கைடு எல்லோரையும் இறங்கச் சொன்னார். கி.மு. 71-இல் ஸ்பார்டகஸ் தலைமையிலான அடிமைகளின் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டபோது, பிடிபட்ட 6,000 அடிமைகளைக் தெற்கே உள்ள கப்புவா நகரத்திலிருந்து ரோம் வரை இதே சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள் என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. கொஞ்ச தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தோம்.

கடைசியில் நீர்ப்பாலப் பூங்கா. அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன். அப்பாவுக்காகவே அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

மதுரைமல்லி:

அக்கா, படிக்கும்போதே போக வேண்டும் போல இருக்கிறது. நாங்கள் அம்மாவோடு போகிறோம். அம்மாவுக்கு 61, முழங்கால் வலி உண்டு. சிறு வயதில் சைக்கிள் ஓட்டியிருக்கிறார். அந்தக் கற்கள் மேல் ஓட்ட முடியுமா? விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் பயம்.

இரட்டைச்சக்கரம்:

மல்லி, நான் அந்தச் சாலையில் மூன்று முறை ஓட்டியிருக்கிறேன். உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு மோட்டார் நல்லது, அந்தக் கற்கள் நல்லதல்ல. இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

மேட்டில் ஏறும்போதும், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும்தான் முழங்காலில் பாரம் இறங்கும். அந்த இரண்டு நேரமும் மோட்டார் தாங்கிக்கொள்ளும். ஐரோப்பியச் சட்டப்படி இவை 250 வாட் மோட்டார்கள். 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் உதவி நின்றுவிடும். ஆகவே வண்டி கையை மீறிப் பாயும் என்ற பயம் வேண்டாம். ஆனால் எடை 25 கிலோ வரை இருக்கும். சாயத் தொடங்கினால் பிடித்து நிறுத்துவது சிரமம். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் படும்படி உயரத்தைக் குறைத்துக் கேட்டு வாங்குங்கள்.

கற்கள் மேல் வரும்போது சீட்டில் அழுந்தி உட்காரக் கூடாது. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, லேசாக எழுந்து, முழங்கையைத் தளர்த்தி, கைப்பிடியை இறுக்காமல் விட வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கைப் பார்க்காதீர்கள். கண் போகும் இடத்துக்கே சக்கரமும் போகும். டயர் அகலமாக, காற்று கொஞ்சம் குறைவாக இருந்தால் அதிர்வு நன்றாகக் குறையும். மழை பெய்திருந்தால் அந்தக் கல் வழுக்கும். அன்றைக்கு இறங்கி உருட்டுவதே புத்திசாலித்தனம்.

இன்னொன்று. 1960 ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார் அல்லவா, அந்த ஓட்டப்பாதை ஆப்பியா சாலை வழியாகத்தான் வந்தது. இருட்டிய பிறகு, தீப்பந்த வெளிச்சத்தில். 2 மணி 15 நிமிடம் 16 நொடி, அன்றைய உலகச் சாதனை. நான் முதல்முறை போனபோது செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே நூறடி நடந்து பார்த்தேன். அந்த மனிதர் மேல் இருந்த மரியாதை பல மடங்கு கூடியது.

தேவகோட்டையான்:

தங்கச்சி மல்லிக்கு ஒரு எச்சரிக்கை. நாங்கள் இரண்டு வருடம் முன்னால் கைடு வேண்டாம் என்று வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரர் முழு சார்ஜ் என்று சொன்னார், திரையிலும் அப்படித்தான் காட்டியது. பேட்டரி பழசு போல. செசிலியா மெட்டெல்லா தாண்டி இரண்டு கிலோமீட்டரில் என் மனைவியின் வண்டி அணைந்துவிட்டது. மோட்டார் உதவாமல் அந்தக் கனத்தை அந்தக் கல்லில் மிதிக்க முடியவில்லை. என் வண்டியை அவளிடம் கொடுத்துவிட்டு நான் உருட்டிக்கொண்டே திரும்பினேன். உச்சி வெயில். நீர்ப்பாலங்களைப் பார்க்காமலே வந்துவிட்டோம், அது இன்றைக்கும் எனக்குக் குறைதான்.

கைடோடு போனால் பின்னால் ஒருவர் வருவார், மாற்று பேட்டரிக்கோ வண்டிக்கோ ஏற்பாடு இருக்கும். புக் செய்வதற்கு முன் இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

கல்லெழுத்து:

எல்லோருடைய மகிழ்ச்சியும் புரிகிறது. இருந்தாலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கி.மு. 312-இல் அப்பியஸ் கிளாடியஸ் போட்ட சாலை அது. 2024 ஜூலையில், நம் டெல்லியில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில்தான் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அதன் மேல் குழுகுழுவாக மோட்டார் வைத்த சைக்கிளை ஓட்டலாமா? இப்படி ஒரு இடத்தை நடந்து பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நடந்தால்தான் எழுத்துகளை வாசிக்க முடியும்.

கற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 6-ஆம் நூற்றாண்டில் புரோகோப்பியஸ் என்ற வரலாற்றாசிரியர் இந்தச் சாலையைப் பார்த்துவிட்டு, கற்கள் நடுவே எதுவும் வைக்காமலேயே அவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியிருக்கின்றன, ஒன்றாக முளைத்தவை போல இருக்கின்றன என்று எழுதினார். சாலை போட்டு 800 வருடத்துக்கு மேல் ஆன பிறகும் அப்படி இருந்திருக்கிறது. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் விலகிப் போகலாம், கப்புவாவுக்கு ஐந்து நாள் பயணம் என்றும் அவர் குறித்திருக்கிறார். இன்று நம் முதுகை உலுக்கும் அந்த இடுக்குகள் ரோமானியர்கள் விட்டவை அல்ல. காலமும், கல்லைப் பெயர்த்தவர்களும், திரும்பப் பதித்தவர்களும் விட்டவை.

பறளியாற்றுக்காரி:

கல்லெழுத்து சார், உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. கைடும் இதையே வேறு விதமாகச் சொன்னார். இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரங்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஓடிய கல் அது, ரப்பர் டயரால் அதற்கு எதுவும் ஆகாது. ஆனால் குலுக்கலுக்குப் பயந்து எல்லோரும் ஓரத்து மண்பாதையில் இறங்கி ஓட்டுகிறோம் பாருங்கள், அந்த மண்ணுக்கு அடியில்தான் ரோமானியர்களின் நடைபாதை இருக்கிறது. தேய்வது அதுதான். மழை நாளில் ஓரத்தில் ஓட்ட அவர் விடுவதில்லையாம்.

நடப்பதைப் பற்றி: மதில் வாசலிலிருந்து க்வின்டிலி என்ற பழைய ரோமானிய மாளிகை வரை ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்து நீர்ப்பாலப் பூங்கா, திரும்பி வருவது என்று கூட்டினால் அப்பாவால் முடியவே முடியாது. அந்த நீளத்தை உடம்பால் உணர்ந்ததுதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய விஷயம். கல்லறை, கல்லறை, மாளிகை, மறுபடியும் கல்லறை என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஃபோரத்தில் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் எதற்குப் பக்கத்தில் எது என்றே புரியவில்லை. இங்கே ஊரை விட்டு விலகிப் போகிறோம் என்பது ஒவ்வொரு மிதியிலும் தெரிகிறது.

எழுத்துகளை வாசிக்க வேண்டும் என்றீர்களே, ரபிரியஸ் குடும்பத்தின் கல்லறை முன்னால் இறங்கினோம். மூன்று முகங்கள். அசல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இங்கே நகல். ஓரத்தில் உள்ள பெண்ணின் பெயர் உசியா பிரிமா, ஐசிஸ் தெய்வத்தின் பூசாரி என்று பெயருக்குக் கீழேயே எழுதியிருக்கிறது. அவள் தலைக்குப் பக்கத்தில் பூசையில் ஆட்டும் கிலுகிலுப்பையைச் செதுக்கியிருக்கிறார்கள். எகிப்து தெய்வத்தின் பூசாரி ரோமில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட குடும்பத்தோடு ஒரே கல்லில். நான் அதன் முன்னால் நின்ற நேரம்தான் அந்த நாளிலேயே அதிகம். சைக்கிள் ஓரமாகச் சாய்ந்து நின்றது, அவ்வளவுதான்.

இப்போது நீர்ப்பாலம். எங்கள் பக்கம் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்க்காமல் யாரும் வளர்ந்திருக்க மாட்டோம். பறளியாற்றுக்கு மேலே தண்ணீரைத் தொட்டியில் கடத்திப் போகும் பாலம். அப்பா அந்த வாய்க்கால்களில்தான் வேலை பார்த்தார். பூங்காவுக்குள் நுழைந்ததும் ஆக்வா கிளாடியா என்ற பழைய நீர்ப்பாலத்தின் வளைவுகள் வரிசையாக எழுந்து நிற்பதைப் பார்த்தவர், ஸ்டாண்டைக்கூடப் போடாமல் சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டு நேரே போய்விட்டார்.

பேரரசர் காலிகுலா காலத்தில், கி.பி. 38-இல் தொடங்கி, பேரரசர் கிளாடியஸ் காலத்தில் 52-இல் முடித்தது. சுமார் 69 கிலோமீட்டர், பெரும்பகுதி தரைக்கு அடியில் வருகிறது. ஊரை நெருங்கும்போது நிலம் தாழ்ந்துவிடுவதால், மட்டம் இறங்காமல் குன்றுகள் வரை தண்ணீரைக் கொண்டுபோக இந்த வளைவுகள். சில இடத்தில் 27 மீட்டர் உயரம். ஒரு வளைவு உடைந்த இடத்தில் குறுக்குவெட்டு அப்படியே தெரிகிறது: கீழே ஒரு வாய்க்கால், அதன் தலைமேல் இன்னொரு வாய்க்கால். கீழே ஓடியது கிளாடியா, மேலே ஓடியது ஆனியோ நோவஸ் என்ற இன்னொரு நீர்வழி, இரண்டுக்கும் வேறு வேறு தலைவாய். தரமான தண்ணீரும் கலங்கல் தண்ணீரும் கலந்துவிடாமல் ஒரே தூணின் மேல் இரண்டடுக்காகக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அப்பா கைடிடம் கேட்ட முதல் கேள்வி, "வாட்டம் எவ்வளவு?" நான் மொழிபெயர்ப்பதற்குள் கையைச் சாய்த்துக் காட்டினார், அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. பம்பு இல்லை, அழுத்தம் இல்லை, வழி முழுக்க வாட்டம் மட்டும்தான். கொஞ்சம் கூடினால் தண்ணீர் வேகமெடுத்துக் கரையை அரிக்கும், கொஞ்சம் குறைந்தால் வண்டல் படியும். மட்டம் பார்க்க அன்று மேலே வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் ஊற்றிய நீளமான மரப்பலகை போன்ற எளிய கருவிகளைத்தான் வைத்திருந்தார்கள் என்று கைடு சொன்னதும், அப்பா தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை.

கி.பி. 97-இல் ரோமின் தண்ணீர் நிர்வாகத்துக்குப் பொறுப்பேற்ற ஃப்ரொன்டினஸ், வழியில் உள்ள நிலக்காரர்கள் வாய்க்காலை உடைத்துத் திருட்டுத்தனமாகத் தண்ணீர் எடுப்பதாக எழுதி வைத்திருக்கிறார். அதைச் சொன்னபோது அப்பா, "ராத்திரி மடையை உடைக்கிறவனைப் பிடிக்க நான் எத்தனை நாள் கண்முழிச்சிருக்கேன்" என்றார். கைடு அதை இத்தாலியனில் குறித்துக்கொண்டார்.

மிளகுக்கொடி:

அருமை. அப்பாவுக்கு என் வணக்கம்.

அந்த மேக்சென்டியஸ் பேரைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. ஃபோரத்தின் ஓரத்தில் அவர் தொடங்கிய பசிலிக்கா என்ற பெரிய பொது மண்டபம் இருக்கிறதே, அது எழுந்த இடத்தில் அதற்கு முன் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. பெயரே மிளகுக் கிடங்கு. சேர நாட்டுத் துறைகளிலிருந்து கப்பல் ஏறிய மிளகு செங்கடல், எகிப்து, அலெக்சாண்டிரியா வழியாக இத்தாலிக்கு வந்தது. இந்தியாவுக்கு வருடம் 5 கோடி செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பிய காலம். கரூரிலும் கோவைப் பக்கத்திலும் கிடைத்த ரோமானியக் காசுகள் அந்தப் பணத்தின் மிச்சம்தான். ஃபோரத்தில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கல்லெழுத்து:

உசியா பிரிமாவுக்கு முன்னால் அவ்வளவு நேரம் நின்றேன் என்று எழுதியதைப் படித்த பிறகு என் ஆட்சேபத்தைத் தளர்த்திக்கொள்கிறேன். ஓரத்து நடைபாதை பற்றிய கவலை மட்டும் இருக்கட்டும்.

சைக்கிளைவிடப் பெரிய ஆபத்து கார்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ரோமைச் சுற்றிப் போட்ட வட்டச்சாலை இந்தச் சாலையை இரண்டாக வெட்டிப் பல வருடம் கிடந்தது. 2000-ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபையின் ஜூபிலி விழாவை ஒட்டி வட்டச்சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கிய பிறகுதான் மேலே ஆப்பியா மறுபடியும் ஒன்று சேர்ந்தது. அதற்கெல்லாம் பின்னால் அன்டோனியோ செடெர்னா என்ற பத்திரிகையாளர் இருக்கிறார். சாலையோரத்தைப் பணக்கார வீடுகள் விழுங்குவதை எதிர்த்து 1953-இல் எழுதத் தொடங்கியவர், 1996-இல் சாகும்வரை விடவில்லை. அவருடைய காகிதங்களெல்லாம் இப்போது அந்தச் சாலையிலேயே கபோ டி போவே என்ற இடத்தில் காப்பகமாக இருக்கின்றன. அங்கே இறங்குங்கள். பழைய குளியல் அறைகளின் தரைச்சித்திரம் கொஞ்சம் பார்க்கலாம், தோட்டத்தில் உட்காரவும் இடம் உண்டு. மல்லியின் அம்மாவுக்கு நல்ல ஓய்வு.

இரட்டைச்சக்கரம்:

நாள் தேர்வு பற்றி யாரும் சொல்லவில்லையே. திங்கட்கிழமை செசிலியா மெட்டெல்லாவும் க்வின்டிலியும் மூடியிருக்கும். நிலவறைக் கல்லறைகள் ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் வேறு வேறு விடுமுறை, போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் காலை எட்டு மணிக்கே கிளம்புகிற குழுவாகப் பாருங்கள். நிலவறைக்குள் இறங்குவதாக இருந்தால் ஒரு மெல்லிய சால்வை தேவை, வெளியே கொதித்தாலும் உள்ளே குளிரும்.

தண்ணீர் பாட்டில் வாங்கிக் குவிக்காதீர்கள். தெருவோரத்தில் வளைந்த மூக்கோடு இரும்புக் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும், நல்ல குடிதண்ணீர். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டு வரும், குனியாமலே குடிக்கலாம்.

மதுரைமல்லி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். போய் வந்துவிட்டோம்! எல்லோருக்கும் நன்றி.

கைடோடுதான் போனோம், மாற்று பேட்டரி உண்டா என்று முதலிலேயே கேட்டோம் (தேவகோட்டையான் அண்ணா, உங்களுக்குத் தனி நன்றி). சீட்டைத் தாழ்த்தி வாங்கினோம். அம்மா தார்ச்சாலையிலும், ஆப்பியாவை ஒட்டிய கஃபரெல்லா பள்ளத்தாக்கிலும் நன்றாக ஓட்டினார். அங்கே ஒரு ஆட்டு மந்தை பாதையை மறித்துக்கொண்டது, கால் மணி நேரம் நின்றோம். ரோம் நகரத்துக்குள் ஆடு மேய்வதை அம்மாவால் நம்ப முடியவில்லை.

பழைய கற்கள் வந்ததும் அம்மா ஓட்டவில்லை. இறங்கிவிட்டார். கைடு அவர் வண்டியையும் சேர்த்து உருட்டிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடிக் கல்லில் பள்ளம் விழுந்திருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தடத்துக்குள் ஒரு காலை வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. அப்படியே ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலாக, அந்தத் தடம் மறைகிற வரை நடந்தார். முழங்கால் வலியைப் பற்றி அன்று ராத்திரி கேட்டபோதுதான் ஞாபகமே வந்தது என்றார்.

பறளியாற்றுக்காரி:

மல்லி, இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிளாடியாவின் தண்ணீர் கிளம்பிய இடம் சுபியாக்கோ பக்கம், ஆனியோ ஆற்றுப் பள்ளத்தாக்கில். தலைவாயைப் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்ததாகவே கணக்கில்லை என்கிறார். ரோமிலிருந்து அங்கே எலக்ட்ரிக் சைக்கிளில் யாராவது போயிருக்கிறீர்களா?